தகட்டுக்கு ஓர் இடம்

சென்ற கோடை விடுமுறையில் தம்பி மகள் எங்கள் வீட்டில் இரண்டு வாரம் தங்கியிருந்தாள். ஒன்பதாம் வகுப்பு முடித்தவள். ஊருக்குத் திரும்புவதற்கு முதல் நாள் இரவு, சாப்பிட்டுக் கை கழுவிய பிறகு, நெடுநேரம் ஒத்திகை பார்த்தவள்போல ஒரு கேள்வியைக் கேட்டாள்.

"அத்தை, அப்பா ப்ளேஸ்டேஷன் வாங்கித் தர்றேன்னு சொல்லிட்டாரு. டிஸ்க் போடுற மாடல் வேணுமா, டிஸ்க் இல்லாத மாடலே போதுமான்னு உங்ககிட்டயும் பாட்டிகிட்டயும் கேட்டுட்டு வரச் சொன்னாரு."

வீடியோ கேம் பற்றி எங்களிடம் யோசனை கேட்க யாருக்கும் நியாயமான காரணம் இருக்க முடியாது. அம்மாவுக்கு எழுபத்திரண்டு வயது. மூத்த மகளுக்குக் கல்லூரியில் தமிழ் கற்பிப்பது தொழில். இருவருமே அந்தக் கருவியின் பொத்தான்களைத் தூசு துடைக்கும்போது தவிர வேறு எப்போதும் தொட்டதில்லை. ஆயினும் தம்பி ஏன் அப்படிச் சொல்லி அனுப்பினான் என்பது எங்களுக்கு உடனே விளங்கிவிட்டது. 2007-இல் எங்கள் வீட்டில் தீர்ப்பாகி முடிந்த ஒரு வழக்கை அவன் மகள் வழியாக மேல்முறையீடு செய்திருக்கிறான்.

அந்த ஆண்டு நாங்கள் மூவரும் சென்னையில் ஒரு வாடகை வீட்டின் மாடியில் இருந்தோம். தம்பி மென்பொருள் வேலையில் சேர்ந்து இரண்டாண்டு ஆகியிருந்தது. மூத்தவள் முனைவர் பட்ட ஆய்வில் இருந்தாள். வீட்டுக்கு வந்த முறையான ஊதியம் தம்பியுடையது ஒன்றுதான். 2007 ஏப்ரலில் சோனியின் ப்ளேஸ்டேஷன் 3 இந்தியாவுக்கு வந்தது. விலை 39,990 ரூபாய். தம்பி அந்தச் செய்தி வந்த நாளிதழ்ப் பக்கத்தைக் கிழித்துச் சட்டைப்பையில் வைத்திருந்தான். நாங்கள், அதாவது அம்மாவும் மூத்தவளும், ஒரு கட்சி, அவன் தனிக்கட்சி.

விளையாட்டே வேண்டாம் என்று நாங்கள் சொல்லவில்லை. எங்கள் கேள்வி வேறு. ஏன் இந்த விலை? அவனே விளக்கினான். உள்ளே இரண்டு புதிய சரக்குகள் இருக்கின்றன. ஒன்று செல் என்ற செயலி, இன்னொன்று ப்ளூ-ரே என்ற புதிய தகட்டைப் படிக்கும் பொறி. அந்தத் தகட்டில் சினிமாவை உயர் துல்லியத்தில் பார்க்கலாம் என்றான். எங்கள் வீட்டில் இருந்ததோ இருபத்தொரு அங்குலப் படக்குழாய்த் தொலைக்காட்சி. அந்தக் கருவியோடு பெட்டியில் வந்த இணைப்புக் கம்பியும் மஞ்சள், சிவப்பு, வெள்ளை முனைகள் கொண்ட பழைய கம்பிதான். ஆயிரம் நுணுக்கங்களோடு பதிவான படம் அந்த மஞ்சள் முனை வழியாக வந்து எங்கள் பெட்டியில் எல்லாப் படங்களையும்போல மங்கலாகத்தான் விழும். "நம்மகிட்ட காட்ட முடியாத படத்துக்கு நாம ஏன்டா காசு கொடுக்கணும்?" என்று அம்மா கேட்டாள். வழக்கு அத்துடன் முடிந்தது.

முடிந்ததாக எண்ணியவர்கள் நாங்கள். அவன் அப்படி எண்ணவில்லை என்பது பதினெட்டு ஆண்டுகளுக்குப் பிறகு தெரிகிறது. ஒரு விளையாட்டுக் கருவிக்குள் விலையுயர்ந்த புதிய தகட்டு வடிவத்தைச் சேர்த்தது சரியா என்ற கேள்வி, அந்த வீட்டின் மாடியில் எங்களுக்குத் தோன்றியதைவிடப் பெரியது. மகளுக்குப் பதில் சொல்வதற்கு முன்பாக அதை ஒழுங்காக எண்ணிப் பார்க்கவேண்டும் என்று பட்டது.

தகடு என்பது என்ன? ஒளியால் படிக்கப்படும் குழிகளின் வரிசை. எழுத்தாணியின் முனை எவ்வளவு கூரியதோ அவ்வளவு நெருக்கமாக எழுதலாம். ஓர் ஏட்டில் அதிக வரிகள் அமையும். லேசர் ஒளியின் அலைநீளம்தான் இங்கே எழுத்தாணியின் முனை. குறுந்தகட்டைப் படிக்கும் ஒளியின் அலைநீளம் 780 நானோமீட்டர், டிவிடிக்கு 650, ப்ளூ-ரேக்கு 405. முதலாவதில் ஏறத்தாழ 650 மெகாபைட் கொள்ளும். இரண்டாவதில் ஓர் அடுக்குக்கு 4.7 ஜிகாபைட். மூன்றாவதில் ஓர் அடுக்குக்கு 25 ஜிகாபைட், இரண்டு அடுக்கானால் 50. பெயரில் இருக்கும் நீலம் உண்மையில் நீல ஊதா. அந்த நிறத்தில் ஒளி தரும் காலியம் நைட்ரைடு என்ற பொருளைப் பணியவைக்கப் பல்லாண்டு பிடித்தது. அதே பொருளைக் கொண்டு நீல ஒளி உமிழும் டையோடை உருவாக்கியதற்காக அகசாகி, அமானோ, நாகமுரா ஆகிய மூவருக்கும் 2014-இல் இயற்பியல் நோபல் பரிசு கிடைத்தது. 2006-இல் அந்த லேசர் அரிதாகவே கிடைத்த பொருள். போதிய எண்ணிக்கையில் செய்ய முடியாமற்போனதால்தான் ஐரோப்பாவில் ப்ளேஸ்டேஷன் 3-இன் வெளியீடு 2006 நவம்பரிலிருந்து 2007 மார்ச்சுக்குத் தள்ளிப்போயிற்று.

இத்தனை சிரமமான ஒரு பொருளை ஒரு விளையாட்டுக் கருவியில் வைத்தே ஆகவேண்டும் என்ற பிடிவாதம் சோனிக்கு எங்கிருந்து வந்தது? அந்த நிறுவனத்தின் விளையாட்டுத் துறை பிறந்ததே ஒரு தகட்டுச் சண்டையில்தான். நின்டென்டோவின் கருவிக்குக் குறுந்தகட்டுப் பொறி செய்து தருவதாக சோனி ஒப்பந்தம் செய்திருந்தது. 1991-இல் நின்டென்டோ அதைக் கைவிட்டு பிலிப்ஸோடு கைகோத்தது. அந்த அவமானத்தின் பின்விளைவாகத் தனித்து உருவானதே 1994 டிசம்பரில் ஜப்பானில் வெளிவந்த முதல் ப்ளேஸ்டேஷன். அதை முன்னின்று செய்தவர் கென் குடராகி. நின்டென்டோ 1996-இல் வெளியிட்ட தன் அடுத்த கருவியிலும் பழைய கார்ட்ரிட்ஜ் பெட்டியையே வைத்துக்கொண்டது. அதன் உச்ச அளவு 64 மெகாபைட். ஃபைனல் ஃபேன்டஸி என்ற நெடுங்கதை விளையாட்டு வரிசையை அதுவரை நின்டென்டோவுக்கே செய்துவந்த ஸ்கொயர் நிறுவனம், ஏழாம் பாகத்தை 1997-இல் மூன்று குறுந்தகடுகளில் சோனியின் கருவிக்குக் கொண்டுவந்தது. சொல்ல விரும்பிய கதைக்குப் பழைய பெட்டியில் இடமில்லை. இலக்கியம் படித்தவர்களுக்கு இது வியப்பாக இராது. வார இதழின் பக்க அளவு தொடர்கதையின் அத்தியாயத்தை எப்படி வெட்டித் தைத்தது என்பதை நாம் அறிவோம். ஊடகத்தின் கொள்ளளவு கதையின் உடலுக்குள் புகுந்துவிடுகிறது.

அடுத்தது 2000. ப்ளேஸ்டேஷன் 2 டிவிடியைப் படித்தது. ஜப்பானில் அன்று பலர் அதை முதலில் டிவிடி பார்க்கவே வாங்கினார்கள். 15 கோடிக்கு மேல் விற்ற கருவி அது. இந்த இரண்டு வெற்றிகளும் சோனிக்கு ஒரு பாடத்தைக் கற்பித்தன: புதிய தகட்டை முதலில் வைப்பவன் வெல்வான். இதற்கு எதிர்ப்பக்கத்தில் ஒரு பழைய காயமும் இருந்தது. 1975-இல் சோனி கொண்டுவந்த பீட்டாமேக்ஸ் ஒளிநாடா, அடுத்த ஆண்டு வந்த விஎச்எஸ் நாடாவிடம் தோற்றுப்போனது. தரத்தில் தாழ்ந்ததல்ல என்று பலரும் ஒப்புக்கொண்ட ஒன்று, வீடுகளில் போதிய எண்ணிக்கையில் இல்லாததால் அழிந்தது. ப்ளூ-ரேக்கு எதிராக தோஷிபாவின் எச்டி டிவிடி கிளம்பியபோது, இம்முறை வீடுகளுக்குள் முந்தி நுழைந்துவிட வேண்டும் என்று சோனி முடிவெடுத்தது. நுழைய வாகனம் ப்ளேஸ்டேஷன் 3. இதில் ஒரு விசித்திரமும் உண்டு. அதே கருவிக்குள் இருந்த செல் செயலியை சோனியோடும் ஐபிஎம்மோடும் சேர்ந்து உருவாக்கியது அந்த தோஷிபாதான். ஒரே பெட்டிக்குள் கூட்டாளியும் பகையாளியும்.

வாகனத்துக்கான கட்டணத்தைக் கொடுத்தவர் யார் என்பதுதான் எங்கள் வீட்டில் எழுந்த கேள்வி. அமெரிக்காவில் 2006 நவம்பரில் அதன் விலை 499 டாலரும் 599 டாலரும். ஓராண்டு முன்பே வந்த மைக்ரோசாஃப்டின் எக்ஸ்பாக்ஸ் 360 சாதாரண டிவிடிப் பொறியோடு 299-க்கும் 399-க்கும் கிடைத்தது. நின்டென்டோவின் வீ அதே நவம்பரில் 249-க்கு வந்தது. ஐசப்ளை என்ற ஆய்வு நிறுவனம் ப்ளேஸ்டேஷன் 3-ஐப் பிரித்துப் பார்த்துக் கணக்கிட்டது. 599 டாலருக்கு விற்ற கருவியைச் செய்ய ஏறத்தாழ 840 டாலர் ஆயிற்று; அதில் ப்ளூ-ரேப் பொறிக்கு மட்டும் 125 டாலர். வாங்கியவர் அதிகம் கொடுத்தார். விற்றவர் அதற்கு மேலும் இழந்தார். 2007 மார்ச்சில் முடிந்த நிதியாண்டில் சோனியின் விளையாட்டுத் துறை 23,230 கோடி யென் நட்டம் காட்டியது. அதே ஆண்டில் குடராகி பொறுப்பிலிருந்து விலகினார்.

இதற்கு ஒரு மறுகணக்கும் உண்டு. நியாயத்துக்காக அதையும் சொல்லவேண்டும். 2006 ஜூனில் அமெரிக்காவில் வந்த முதல் ப்ளூ-ரே படக்கருவியின் விலை 999 டாலர். சினிமா பார்க்க அதை வாங்க எண்ணியவருக்கு ப்ளேஸ்டேஷன் 3 மலிவு. விளையாட மட்டும் விரும்பியவருக்கு அது தண்டம். ஒரே விலைச்சீட்டு ஒருவருக்குச் சலுகையாகவும் இன்னொருவருக்கு வரியாகவும் இருந்தது. எங்கள் தம்பி இரண்டாமவன். ஹாலிவுட் ஸ்டூடியோக்களும் மின்னணு நிறுவனங்களும் தமக்குள் நடத்திய போரில், சென்னையில் ஒரு மாடி வீட்டு இளைஞன் தன் முதல் சேமிப்பைக் கொண்டு போர்வரி செலுத்துவானேன்? அன்றைய எங்கள் வாதம் இதுதான். இன்றும் அதில் பொய் இருப்பதாகத் தோன்றவில்லை.

நாங்கள் சொன்ன மாற்று வழி எளிமையானது. பொறியைத் தனியே விற்கட்டும். வேண்டியவர் வாங்கிப் பொருத்திக்கொள்ளட்டும். அந்த வழியை உலகில் ஒருவர் செய்தும் பார்த்துவிட்டார். மைக்ரோசாஃப்ட் எச்டி டிவிடிப் பொறியைத் தனிப்பெட்டியாக 2006 நவம்பரில் 199 டாலருக்கு விற்றது. வாங்குபவரின் சுதந்திரத்தை முழுமையாக மதித்த ஏற்பாடு என்றே அதைச் சொல்லவேண்டும். விளைவு என்ன? அந்தப் பொறிக்கென ஒரு விளையாட்டும் வரவில்லை. வர முடியாது. எல்லாரிடமும் இல்லாத ஒரு பொறியை நம்பி எந்த நிறுவனமும் விளையாட்டு செய்யாது. சினிமாவுக்கு மட்டுமே பயன்பட்ட அந்தப் பெட்டி, 2008 ஜனவரியில் வார்னர் நிறுவனம் ப்ளூ-ரே பக்கம் சாய்ந்ததும் ஆட்டம் கண்டது. பிப்ரவரி 19 அன்று தோஷிபா எச்டி டிவிடியைக் கைவிடுவதாக அறிவித்தது. அம்மாதமே மைக்ரோசாஃப்டும் தன் பெட்டியை நிறுத்திக்கொண்டது. போரின் முடிவை நிர்ணயித்ததில் வீடுகளுக்குள் ஏற்கனவே போய் உட்கார்ந்திருந்த ப்ளேஸ்டேஷன் 3-களுக்குப் பெரும்பங்கு உண்டு.

மறுபக்கத்தில், எல்லாக் கருவியிலும் அந்தத் தகடு இருந்ததால் விளையாட்டுச் செய்தவர்கள் அதை நம்பி எழுதினார்கள். 2008 ஜூனில் வந்த மெட்டல் கியர் சாலிட் 4, 50 ஜிகாபைட் கொள்ளும் ஈரடுக்குத் தகட்டில் வந்தது. ஃபைனல் ஃபேன்டஸியின் பதின்மூன்றாம் பாகம் சோனியின் கருவியில் ஒரே தகடு. எக்ஸ்பாக்ஸில் மூன்று டிவிடிகள். லாஸ்ட் ஒடிஸி என்ற எக்ஸ்பாக்ஸ் விளையாட்டு நான்கு டிவிடிகளில் வந்தது. நடுவில் எழுந்து தகடு மாற்றுவது அப்படி என்ன பெரிய துன்பம் என்று கேட்கலாம். துன்பமில்லைதான். ப்ளூ-ரேயும் குறையற்றதல்ல. ப்ளேஸ்டேஷன் 3-இன் பொறி நொடிக்கு 9 மெகாபைட் வேகத்தில்தான் படித்தது. ஆகவே பல விளையாட்டுகளை முதலில் வன்தட்டில் ஏற்றிவிட்டுத்தான் ஆட முடிந்தது. மெட்டல் கியரில் ஒவ்வொரு பகுதிக்கும் முன்னால் அப்படிக் காத்திருக்க வேண்டும். அந்நேரம் முழுவதும் முதிய கதாநாயகன் திரையில் சிகரெட் பிடித்துக்கொண்டிருப்பான். தம்பி 2010-இல், கருவி மெலிந்து விலை இறங்கியபின், எங்களைக் கேட்காமலே ஒன்று வாங்கினான். அந்தக் காத்திருப்பின்போது அம்மா கூடத்தைக் கடந்தால் "இவன் இன்னும் சிகரெட்ட முடிக்கலையா?" என்று கேட்பாள்.

இங்கே எங்களுக்கு ஒன்று உறுத்துகிறது. தம்பி 2010-இல் குறைந்த விலையில் வாங்கியதை வெகுகாலம் எங்கள் அறிவுரையின் வெற்றியாகவே நாங்கள் சொல்லிவந்தோம். பொறுத்தவனுக்கு லாபம் என்று. அந்த லாபம் எங்கிருந்து வந்தது? 2006-இலும் 2007-இலும் முழுவிலை கொடுத்து வாங்கியவர்களால் அந்த நீல லேசர் லட்சக்கணக்கில் செய்யப்பட்டு மலிவாயிற்று. அந்தப் பொறி எல்லார் வீட்டிலும் இருந்ததால் அதற்கான விளையாட்டுகள் எழுதப்பட்டன. நாங்கள் வரி என்று சொல்லி மறுத்ததை வேறு யாரோ செலுத்திப் போட்ட சாலையில் நாங்கள் சுங்கமில்லாமல் நடந்தோம்.

கல்லூரியில் மாணவர் சேர்க்கையின்போது கட்டணச் சீட்டில் நூலகக் கட்டணம் என்று ஒரு வரி இருக்கும். மூன்றாண்டில் ஒருமுறைகூட நூலகப் படி ஏறாத பிள்ளையும் அதைக் கட்டுகிறது. அது நியாயமா என்று கேட்கும் பெற்றோரை ஆண்டுதோறும் சந்திக்கிறோம். தனித்தனியாக எடுத்துக்கொண்டால் அவர்கள் கேட்பது சரிதான். ஆனால் அந்த வரியை விருப்பத்துக்கு விட்டால் முதலாண்டில் பாதிப்பேர் கட்டமாட்டார்கள். இரண்டாம் ஆண்டில் நூல் வாங்கப் பணமிராது. நல்ல நூல் வராத நூலகத்துக்குக் கட்டுவதற்கு மூன்றாம் ஆண்டில் எவரும் இருக்கமாட்டார்கள். நூலகத்தை யாரும் மூடவேண்டியதில்லை. விருப்பம் என்று சொன்னால் போதும். சேர்த்தே கொடுக்கப்படுவது அஸ்திவாரம் ஆகிறது. வேண்டுமானால் வாங்கிக்கொள் என்பது அலங்காரமாக நின்றுவிடுகிறது. 2007-இல் "தனியே விற்கட்டும்" என்று சொன்னபோது நாங்கள் நடுநிலையான ஒன்றைச் சொல்வதாக எண்ணினோம். அது நடுநிலையன்று. அந்தத் தகடு விளையாட்டில் இருக்கவேண்டாம் என்பதன் மரியாதையான வடிவம் அது.

ஆயின் சோனி செய்தது சரியென்று எழுதிவிடலாமா? அதுவும் இயலவில்லை. நூலகக் கட்டணம் மாணவனின் படிப்புக்காகவே வாங்கப்படுகிறது. சோனி அந்தத் தகட்டை வைத்ததன் முதன்மையான நோக்கம் விளையாடுபவனின் நன்மை என்று சொல்வது கடினம். தன் சினிமாத் தொழிலுக்கும் தன் தகட்டு வடிவத்துக்கும் சந்தை பிடிப்பதே அதன் அவசரம். வென்றும் அந்த வெற்றி மெலிந்தே போயிற்று. ப்ளூ-ரே தன் எதிரியை வீழ்த்திய அதே காலத்தில், 2007 ஜனவரியில், நெட்ஃபிளிக்ஸ் இணையம் வழியே படம் காட்டத் தொடங்கியிருந்தது. சினிமாவில் டிவிடி பிடித்த இடத்தை ப்ளூ-ரே ஒருபோதும் பிடிக்கவில்லை. கருவியின் கணக்கிலும், ப்ளேஸ்டேஷன் 3 கடைசியில் விற்றது 8.7 கோடி, ப்ளூ-ரே இல்லாத எக்ஸ்பாக்ஸ் 360 விற்றது 8.4 கோடி, உயர் துல்லியமே காட்டத் தெரியாத வீ 10 கோடியைத் தாண்டியது. முன்னது விற்ற 15 கோடியின் அருகில் மூன்றில் எதுவும் வரவில்லை.

நோக்கம் எதுவாக இருந்தாலும், செயலின் பலன் வேறோர் இடத்தில் விளைந்தது. அந்த இடம் 2006-இல் வாதிட்ட இருதரப்பாரும் அதிகம் பேசாதது. ஒரு விளையாட்டு, முழுமையாக, கையில் எடுத்துக் கொடுக்கக்கூடிய ஒரு பொருளாக இன்னும் ஒரு தலைமுறைக் காலம் நீடித்தது. 2013 ஜூனில் மைக்ரோசாஃப்ட் தன் அடுத்த கருவிக்கான விதிகளை விளக்கியபோது, 24 மணி நேரத்துக்கு ஒருமுறை இணையத்தில் சரிபார்க்க வேண்டும், தகட்டை நண்பருக்குக் கொடுப்பதற்கும் பழைய தகட்டை விற்பதற்கும் விதிகள் உண்டு என்றது. அதற்கு சோனி ஒரு சிறு காணொளியால் பதில் சொன்னது. எங்கள் கருவியில் விளையாட்டைப் பகிர்வது எப்படி? ஒருவர் தகட்டுப் பெட்டியை இன்னொருவரிடம் நீட்டுகிறார். அவர் வாங்கிக்கொள்கிறார். அவ்வளவுதான் காணொளி. சில நாட்களிலேயே மைக்ரோசாஃப்ட் அந்த விதிகளைத் திரும்பப் பெற்றது.

அதே சோனி 2020-இல் ப்ளேஸ்டேஷன் 5-ஐ இரண்டு விதமாக வெளியிட்டது. தகட்டுப் பொறி உள்ளது 499 டாலர், இல்லாதது 399. இந்தியாவில் முன்னது 49,990 ரூபாய். பின்னதற்கு அறிவித்த விலை 39,990. எங்கள் வீட்டில் எல்லாருக்கும் மனப்பாடமான எண் அது. 2007-இல் வேண்டாத தகட்டைச் சேர்த்து 39,990. பதினான்கு ஆண்டு கழித்துத் தகட்டை நீக்கி 39,990. 2023-இல் பொறியைக் கழற்றிப் பூட்டலாம் என்று ஆக்கினார்கள். புதிதாகப் பூட்டும்போது ஒருமுறை இணையத்தில் பதிய வேண்டும். 2024-இல் வந்த 699 டாலர் உயர்வகைக் கருவியில் பொறி கிடையாது. வேண்டுவோர் 80 டாலர் கொடுத்துத் தனியே வாங்கலாம். நாங்கள் அன்று கேட்ட சுதந்திரம் வந்துவிட்டது. அது வந்துசேர்ந்த விதம் நூலகக் கட்டணத்தை விருப்பத்துக்கு விடுவதுபோல இருக்கிறது.

தகடு இல்லாவிட்டால் என்ன, இணையக் கடையில் வாங்கிக்கொள்ளலாமே என்று தம்பி மகள் கேட்டாள். வாங்கலாம். தள்ளுபடியும் உண்டு. கடை இருக்கும்வரை. நின்டென்டோ தன் இரு பழைய கருவிகளுக்கான இணையக் கடையை 2023 மார்ச் 27 அன்று மூடியது. எக்ஸ்பாக்ஸ் 360-இன் கடை 2024 ஜூலை 29 அன்று மூடப்பட்டது. ப்ளேஸ்டேஷன் 3-இன் கடையையும் மூடுவதாக 2021 மார்ச்சில் சோனி அறிவித்தது. எதிர்ப்பு எழவே அடுத்த மாதம் பின்வாங்கியது. ஏற்கனவே வாங்கியவர் மீண்டும் இறக்கிக்கொள்ள வழி விட்டுத்தான் மூடுகிறார்கள். புதிதாக வருபவருக்கு வழியில்லை. அவள் புதிதாக வருபவள். அவள் தந்தைக்கு அந்த வயதில் பிடித்ததை அவள் ஆடிப் பார்க்க நினைத்தால், தந்தை கையில் எடுத்துக் கொடுப்பதற்கு ஒரு பொருள் இருக்கவேண்டும்.

அந்தப் பொருளும் எல்லாவற்றையும் காப்பாற்றிவிடாது என்பதை அவளிடம் மறைக்கவில்லை. ப்ளேஸ்டேஷன் 3-க்கான தகடுகளைப் புதிய கருவி படிக்காது. செல் செயலியின் மொழி அதற்குத் தெரியாது. அந்தத் தகடுகளுக்கு அந்தப் பழைய கருவியே வேண்டும். ப்ளேஸ்டேஷன் 4-க்கான தகடுகள் ஓடும், பொறி இருந்தால். இன்று விற்கும் சில தகடுகளில் பாதி விளையாட்டுதான் இருக்கிறது. மீதியை இணையத்திலிருந்து இறக்கவேண்டும். ஏடு இருந்தால் போதாது, எழுத்தறிந்தவரும் வேண்டும் என்பது சுவடி படித்த எவருக்கும் தெரிந்ததே. இருந்தாலும் ஏடே இல்லாதபோது எழுத்தறிவு எதற்கு?

ஆகவே எங்கள் தீர்ப்பு இரண்டு பாதியாக வந்தது. 2006-இல் அந்தத் தகட்டைச் சேர்த்தவர்கள் தம் போருக்காகச் சேர்த்தார்கள். அதற்கான விலையை வேறு வழியற்ற வாங்குபவர் தலையில் ஏற்றினார்கள். அதை மறுத்ததில் எங்களுக்கு வருத்தமில்லை. ஆனால் பொதுவில் இருக்கவேண்டிய ஒன்று தனித்தனி விருப்பத்தில் நிலைக்கும் என்று நம்பியது பிழை. இந்த இரண்டாம் பாதிக்காகத் தம்பியிடம் ஒரு வார்த்தை சொல்லவேண்டியிருந்தது. அன்று அது அவனுடைய ஊதியம். முடிவு செய்தவர்கள் நாங்கள். விளையாட்டுக்கு விலை கணக்கிடத் தெரிந்த எங்களுக்கு, இருபத்து நான்கு வயதில் ஒருவன் அதற்காகக் காத்திருந்த மூன்றாண்டுக்கு விலை கணக்கிடத் தெரியவில்லை.

தொலைபேசியில் அம்மாவே சொன்னாள். "டிஸ்க் இருக்கறதே வாங்குப்பா." மறுமுனையில் சற்று நேரம் பேச்சில்லை. பிறகு சிரித்தான். "இத ரெண்டாயிரத்து ஏழுலயே சொல்லியிருக்கலாமேம்மா" என்றான்.

மறுநாள் அவளை அழைத்துக்கொண்டு ஊருக்குப் போனபோது, தம்பி பரணிலிருந்து ஒரு பிஸ்கட் டப்பாவை இறக்கினான். பழைய தகடுகள். மேலே ஒரு கையடக்க நோட்டு. யாருக்கு எந்தத் தகட்டை எப்போது கொடுத்தான் என்று தேதியோடு எழுதி, திரும்பி வந்ததும் அடித்திருக்கிறான். நூலகத்தில் வேலை செய்திருக்க வேண்டியவன். 2012-ஆம் ஆண்டின் ஒரு வரி மட்டும் அடிக்கப்படாமல் இருந்தது. மகள் அதில் விரலை வைத்து, "இவர் நம்பர் இன்னும் உங்ககிட்ட இருக்காப்பா?" என்று கேட்டாள்.

அவன் கைப்பேசியை எடுத்துத் தேடத் தொடங்கினான்.